ஜெயித்த பிறகு பதினைந்தாம் இடம்

— பதினஞ்சா? இன்னொரு தடவை பாரு க்ளீட்டஸ். போனைத் தலைகீழாப் பிடிச்சிருப்ப.

— எந்தப் பக்கம் பிடிச்சாலும் பதினஞ்சுதான் அண்ணே. போன வாரம் காலேஜ் ஃபுட்பால் ரேங்க்ல நாட்டுலயே எட்டாவது டீம் நாம. நேத்து அவனுங்க ஊருக்கே போய் நாப்பத்தொண்ணு பதிமூணுன்னு நொறுக்கிட்டு வந்தோம். அதுக்குப் பரிசு, பதினஞ்சு. நாசமாப் போறவனுங்க.

— ஜெயிச்ச டீம் எப்படி எறங்கும்?

— அதைத்தானே கேக்கறேன். காலையில பாஸ்டர் பிரசங்கத்தைப் பாதியில நிறுத்திட்டு, உன்னைக் காட்டி, "ராய்ஸ் டாலிவர் பெத்த புள்ள பந்து எறியற அழகைப் பார்த்தீங்களா"ன்னாரு. சர்ச்சே எழுந்து கை தட்டிச்சு. ரெண்டு மணி நேரங்கூட ஆகலை, அதுக்குள்ள இந்த அவமானம்.

— ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க. எனக்கு மண்டையிடி. க்ளீட்டஸ், அந்த விலாவைத் திருப்பிப் போடு. கருகுது.

— அண்ணி, உங்க புள்ள டீமை ஏழு படி எறக்கியிருக்கானுங்க, நீங்க பன்னி விலாவுக்குக் கவலைப்படறீங்க!

— இன்னுமா தலைவலி விடலை ஜெனீவா? சர்ச்சுக்கு வராம படுத்தும் போகலையா?

— போகலை.

— நான் சொல்றேன் அண்ணே, இது வடக்கத்திக்காரன் சதி. நம்ம மேட்ச் முடியறதுக்குள்ள அவனுங்க தூங்கிடுவானுங்க. காலையில எழுந்து ஒரு குத்துமதிப்பா எழுதறது.

— அது நடக்காது. கேளு, சொல்றேன். ஓட்டுப் போடறது அறுபது பத்திரிகைக்காரங்க. ஒவ்வொருத்தனும் இருபத்தஞ்சு டீமை வரிசையா எழுதணும். மேல எழுதின பேருக்கு இருபத்தஞ்சு புள்ளி, அடுத்ததுக்கு இருபத்துநாலு, இப்படியே எறங்கி கடைசிப் பேருக்கு ஒண்ணு. அறுபது சீட்டையும் கூட்டினா ரேங்க். இதுல அழகு என்னன்னா, ரெண்டு பேரு நம்ம மேல காண்டுல எறக்கினாலும் அது கடல்ல கரைச்ச பெருங்காயம். மொத்தம் அசையாது.

— வாத்தியாரே, ஞாயித்துக்கிழமையுமா பாடம்?

— கேளுடா. ஏழு படி எறங்கணும்னா நெறைய பேரு சேந்து தள்ளியிருக்கணும். யாரு தள்ளினான்னு பார்த்துடலாம். ஒவ்வொருத்தன் சீட்டையும் வெளியிடுவாங்க, கீழ தட்டு. மேற்குக் கடைசியில இருந்து ஆரம்பி.

— கலிபோர்னியாக்காரன், எட்டு. ஒரேகான்காரன்... ஏழு! ஏத்தியே விட்டிருக்கான், புண்ணியவான்.

— அவன் ஸ்கோரை மட்டும் பார்த்திருக்கான். சரி, உன் வடக்கத்திக்காரனைப் பாரு. பாஸ்டன்?

— ஒன்பது.

— உன் சதி செத்துப் போச்சா? நம்ம மாநிலத்துக்குக் கிட்ட வா. டென்னசி?

— பதினேழு. அலபாமா பத்தொம்பது. லூசியானா... இருபத்திரண்டு! அட பக்கத்து வீட்டுப் பாவிங்களா! பொறாமை அண்ணே, பச்சைப் பொறாமை.

— இருக்கலாம். அப்ப நம்ம ஊர்ப் பத்திரிகைக்காரன் ஹாலிஸ் எங்க வெச்சிருக்கான்? அவனுக்கு நம்ம மேல என்ன பொறாமை?

— ஹாலிஸ்... காணோம்.

— நல்லாப் பாரு.

— இல்ல அண்ணே. இருபத்தஞ்சு பேர்லயும் நாம இல்ல. இந்த முற்றத்துல உக்காந்து, அண்ணி சுட்ட பீச் பழப் பலகாரத்தை ரெண்டு துண்டு வாங்கித் தின்னுட்டுப் போனானே! எழுதின கை வெளங்காமப் போக!

— க்ளீட்டஸ்! கையைப் பத்திப் பேசாத.

— சும்மா கோவத்துல ஒரு வார்த்தை அண்ணி...

— வேற எது வேணா சொல்லித் திட்டு. கையைச் சொல்லாத.

— இரு, இரு. ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. இது வேடிக்கையா இருக்கே. தூரத்துல இருக்கறவன் நம்மள அசைக்கவே இல்ல. கிட்ட வர வர எறக்கிக்கிட்டே வர்றான். டீம் பக்கத்துலயே நிக்கறவன் பேரையே எடுத்துட்டான். இது கோவம் இல்ல க்ளீட்டஸ். கோவத்துக்குத் தூரம் தெரியாது. இது ஏதோ சேதி. சேதிதான் இப்படிப் பரவும். பக்கத்துல இருக்கறவனுக்கு ராத்திரியே முழுசாத் தெரியும், அடுத்த மாநிலத்துக்காரன் காதுல அரைகுறையா விழும், ஒரேகானுக்குப் போய்ச் சேர நாளைக்கு ஆகும்.

— என்ன சேதி? நேத்து நம்ம கண்ணால டிவியில பார்த்தோமே, ஜெயிச்சோமே!

— ஓட்டு நேத்து ஆடினதுக்கு மட்டும் இல்ல. இனிமே எப்படி ஆடுவாங்கன்னு மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டுத்தான் எழுதுவாங்க. அந்தக் கணக்கு மாறணும்னா டீம்ல ஏதோ மாறியிருக்கணும்.

— ஒண்ணும் மாறலையே. பாதி ஆட்டத்துக்கு மேல நம்ம புள்ள டேரியனை உக்கார வெச்சாங்க, அவ்ளோதான். ஆட்டம் கையில இருக்கு, பந்து எறியற குவார்ட்டர்பேக்கை எதுக்கு வீணா அடி வாங்க விடணும்னு எல்லா கோச்சும் செய்யறதுதானே.

— கோச் கூப்பிட்டாரா?

— கூப்பிட்டிருப்பாரு.

— கூப்பிடலை. இவன் மேல ஒருத்தன் வந்து இடிச்சான். எழுந்தான். அப்புறம் அவனாத்தான் கோச்சுகிட்ட நடந்து போனான். ஏதோ சொன்னான். ஹெல்மெட்டைக் கழட்டினான்... இடது கையால. வலது கை பாட்டுக்குத் தொங்கிட்டிருந்துச்சு. நான் பார்த்தேன்டா. பார்த்துட்டு, அசதின்னு நெனச்சுக்கிட்டு இன்னொரு கிளாஸ் ஐஸ் டீ ஊத்திக்கிட்டேன்.

— அண்ணே, நீயா எதையாவது...

— ஜெனீவா.

— சாப்பிடு ராய்ஸ். ஆறிடும்.

— தலைவலி எப்ப ஆரம்பிச்சுது?

— காலையில.

— அவன் உனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?

— அப்புறம்.

— சொல்லு.

— கழுத்து. உள்ள நரம்பு எறங்கற வழி அவனுக்குப் பொறவியிலயே ஒடுக்கமாம். நல்லா இடி வாங்கறப்பல்லாம் கை மரத்துப் போயிருக்கு, போன வருஷத்துல இருந்தே. முன்னெல்லாம் கொஞ்ச நேரத்துல சரியாயிடும். நேத்து ஆகலை. ராத்திரியே படம் எடுத்துப் பார்த்திருக்காங்க. இன்னொரு இடி வாங்கினா கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாதுன்னுட்டாரு டாக்டர். இனிமே ஆட்டம் கிடையாது ராய்ஸ். இந்த வருஷம்னு இல்ல. எப்பவுமே.

— ஏசுவே... அண்ணி, நான் தெரியாம அந்த வார்த்தையை...

— விடு க்ளீட்டஸ். உனக்கென்ன தெரியும்.

— ஹாலிஸுக்குத் தெரிஞ்சிருக்கு. லூசியானாக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. பெத்தவன் எனக்குத் தெரியலை. ஒரு வருஷமா மரத்துப் போற கையை வெச்சுக்கிட்டு அவன் ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?

— பயம்.

— ஆட்டம் போயிடும்னா?

— அதுக்கில்ல ராய்ஸ். உனக்குப் பயந்துக்கிட்டு.

— எனக்கா? நான் என்ன பண்ணிடப் போறேன்? எட்டாவது இடமா எனக்குப் பெருசு?

— இவ்ளோ நேரம் எதைப் பத்திப் பேசிட்டிருந்த?

— அண்ணி, பாவம், விடுங்க...

— விடறதுக்கு என்ன இருக்கு? ஒரு வாரமா போஸ்ட்மேன்ல இருந்து பல் டாக்டர் வரைக்கும் எட்டு விரலைக் காட்டிட்டுத் திரிஞ்சாரு. புள்ள என்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா? "அம்மா, மத்தியானம் ரேங்க் வரும். அதைப் பார்த்து அப்பா கொஞ்ச நேரம் சந்தோஷமா இருக்கட்டும், அப்புறமா சொல்லு"ன்னான். ஜெயிச்சுட்டோம்ல, எட்டுலயே இருப்போம்னு நெனச்சுட்டான். தான் இல்லேன்னா டீம் எறங்கிடும்னு அவனுக்குத் தோணவே இல்ல.

— ...அடுப்பை அணைடா க்ளீட்டஸ். என் கார் சாவி எங்க? ரெண்டு மணி நேரத்துல காலேஜுக்குப் போயிடலாம்.

— ராய்ஸ், கொஞ்சம் நில்லு.

— நான் எதுவும் கேக்க மாட்டேன் ஜெனீவா. ஏன், எப்படின்னு ஒண்ணையும் விளக்க மாட்டேன். சத்தியமா. அவன் பக்கத்துல போய் உக்காந்திருப்பேன், அவ்ளோதான். புள்ள அங்க தனியாக் கெடக்கான்... யாராவது அந்தச் சாவியைப் பார்த்தீங்களா?

— சாவியைத் தேடாதீங்கப்பா. நீங்க சர்ச்சுல இருக்கறப்பவே வந்துட்டேன். உள்ளதான் இருக்கேன், ஜன்னல் தெறந்துதான் கெடக்கு.