இரு கைகளாலும் வரவேற்றேன்

கை குலுக்குவதில் நான் தாராளமானவன், டாக்டர். வந்தவரின் கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் வாங்கி, விரல் விரலாக அழுத்தித்தான் விடுவேன். புவெப்லாவில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் தங்கை எர்மிலாவைப் பெண் கேட்டு வந்த எல்லோரையும் அப்படித்தான் வரவேற்றேன். பிறகு அவள் தன் செல்லப் பல்லியை அவர்கள் உள்ளங்கையில் வைப்பாள். பெயர் பிஷப். கண்ணை மெல்ல மூடித் திறந்து, ஆசீர்வதிப்பதுபோல் உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வாலைப் பிடித்தாலும் பொறுத்துக்கொள்ளும் சாது. பெண் கேட்டு வந்தவர்களை மட்டும் கடித்தது.

“அண்ணே, பிஷப்புக்கு ஆளப் பாத்ததுமே தெரிஞ்சிருது,” என்றாள் எர்மிலா. நான் மறுக்கவில்லை.

ரொட்டிக்கடை அபுந்தியோ ஒருவன்தான் கடிபட்டும் சிரித்தான்.

“பொறாமை போல, மச்சான். உன் தங்கச்சிய விட்டுக்குடுக்க அதுக்கு மனசில்ல.”

நல்ல மனிதன். அடுத்த ஞாயிறும் எள் தூவிய ரொட்டியோடு வந்தான். நான் இன்னும் அன்பாகக் கை குலுக்கினேன். கவ்விய விரலைப் பிஷப் விடவே இல்லை. தண்ணீர் ஊற்றித்தான் பிரித்தோம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சமையலறைக்கு ஓடி வாயில் துணியைத் திணித்துக்கொண்டேன்.

மறுபடி வந்தபோது எர்மிலா கதவையே திறக்கவில்லை.

“போயிரு அபுந்தியோ. உனக்குள்ள என்னமோ இருக்கு, அது பாத்திருக்கு. எனக்கு பயமாருக்கு.”

அழுதுகொண்டே எனக்கு மோலே குழம்பு கிளறினாள். அன்றைய மோலே அபாரம்.

பிஷப்பைப் பரிசோதித்துவிட்டு, வீட்டில் இன்னொரு ஆண் பல்லி இருக்கிறதா என்று நீங்கள் கேட்டதும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. நீங்கள் ஒருவராவது கண்டுபிடித்தீர்களே. இருக்கிறது. என் தையல் கடையில், செருப்புப் பெட்டிக்குள். யாராவது பெண் கேட்டு வரும் நாளில் அதை எடுத்து உள்ளங்கைகளில் நன்றாகத் தேய்த்துக்கொள்வேன். வந்தவர் கையில் வாடையைப் பூசியானதும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். தன் இடத்தில் வேறொரு ஆணின் வாடை வந்தால் எந்த ஆண் பல்லி சும்மா இருக்கும்? நான் யாரையும் கடிக்கவில்லை.

வெளியே பெஞ்சில் எர்மிலா காத்திருக்கிறாள். பிஷப்புக்கு நோய் என்று நீங்கள் சொன்னால், அபுந்தியோவிடம் போய் மன்னிப்புக் கேட்பாளாம். ஆகவே, பல்லிக்கு ஒரு குறையும் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். அது பொய்யில்லையே.

கையை ஏன் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்? கழுவிவிட்டுத்தான் வந்தேன். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள், டாக்டர்?