விட்ட மூச்சைத் திருப்பித் தந்த உப்பு

தலைமை தாங்கும் சுரங்க மேலாளர் அவர்களே! கரி வெட்டிக் கை காய்த்துப்போன பெரியோர்களே! இறங்கிப் போனவர் ஏறி வரும்வரை அரை உயிரோடு நிற்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

தண்ணீரை அறிவோம். அதனோடு இன்னோர் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டால்? அதுதான் ஹைட்ரஜன் பெராக்சைடு! புண்ணில் பட்டால் புஸ்ஸென்று பொங்கும். துணியில் பட்டால் கறையைக் கலைக்கும். என்ன ஐயா கேட்கிறீர்கள்? முடிக்குப் போடுவார்களே, அதுவா? அதேதான், உங்கள் தலையே சாட்சி!

ஒட்டியதை விட்டுக்கொடுப்பது அந்தக் குடும்பத்தின் குணம். அதன் பங்காளிதான் பொட்டாசியம் சூப்பராக்சைடு என்னும் மஞ்சள் உப்பு. நம் இடுப்பில் தொங்கும் மூச்சுப் பெட்டிக்குள் இருப்பது அதுவே!

சென்ற ஆண்டு கீழே கரி ஏற்றும் பெல்ட் தீப்பிடித்தபோது, நானும் என் தங்கை கணவரும் பம்பு அறையில் இருந்தோம். புகை புகுந்தது.

"மாப்ள, பெட்டியத் திறங்க! குழாய வாயில வச்சு, மூக்க அடைங்க!"

"இந்த டப்பாவ நம்பியா மச்சான்?"

"வேற எத நம்புறது?"

சுவரைத் தடவித் தடவி நடந்தோம். பாதி வழியில் நின்றுவிட்டார். குழாயில் வந்த காற்று சுட்டது, பெட்டியே எரிகிறதென்று நினைத்துக் குழாயைப் பிடுங்கப் போனார். நான் எப்படித் தடுப்பேன்? வாய் திறந்தால் சாவு! அவர் கையைப் பிடித்து என் பெட்டிமேல் அழுத்தினேன். அதுவும் கொதித்தது. புரிந்துகொண்டார். நடந்தார்.

மேலே வந்ததும் என் தங்கை ஓடி வந்தாள். அவர் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

"கொதிச்சுதே மச்சான்..." என்றார் அவர்.

"கொதிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம், மாப்ள!"

எண்ணிப் பாருங்கள்! வேண்டாமென்று நாம் வெளியே விடும் மூச்சு. அதன் ஈரத்தை வாங்கிக்கொண்டு, அதன் கரியமில வாயுவை விழுங்கிக்கொண்டு, ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்ததே ஒரு பிடி உப்பு! கழிவை வாங்கி உயிரைக் கொடுப்பவர் உலகில் யார்? கருவறையில் பெற்றவள் கொடுத்தாள். அவளுக்குப் பிறகு, இருட்டில், புகையில், இந்த உப்பு கொடுத்தது! வியக்கிறேன், இன்றும் வியக்கிறேன்!

ஆகவே தோழர்களே, பாரமென்று பெட்டியைக் கழற்றி ஆணியில் மாட்டாதீர்கள். அந்த ஆணியையே பிடுங்கி எறியுங்கள்!

காது கொடுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. நாளை இறங்கும் ஒவ்வொருவரும் நலமாய் ஏறி வர வேண்டுமென வாழ்த்தி, வணங்கி விடைபெறுகிறேன்.