மூன்றாவது குவளைக்குப் பிறகு

வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றிச் செல்வதில் இந்தப் பாலைவனத் தடத்தில் என்னைவிட நல்ல பெயர் எடுத்தவர் யாரும் இல்லை. ஸுவேராத்திலிருந்து பீர் மொக்ரைன் வரை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஐயா. கத்ரியின் லாரி என்றால் கைக்குழந்தைக்காரியும் பயமில்லாமல் ஏறுவாள்.

எத்தனையோ பேர். பிரசவ வலி கண்ட ஒருத்தியைத் தானிய மூட்டைகள் மேல் படுக்க வைத்து ஓட்டினேன். பாதி வழியிலேயே பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. ஆனாலும் என் பெயரைத்தான் வைப்பேன் என்று தாய்க்காரி அடம் பிடித்தாள். ஒட்டகக் குட்டியோடு ஒரு பெரியவர் ஏறினார். நோயாளி என்று குட்டியை முன் இருக்கையில் ஏற்றிவிட்டு, அவர் பின்னால் வெயிலில் உட்கார்ந்து வந்தார். கல்யாணங்களில் பாடுகிற ஒருத்தி வழி நெடுகப் பாடிக்கொண்டு வந்தாள். நானும் சேர்ந்து பாடினேன். "நீ வண்டிய மட்டும் ஓட்டு தம்பி, அது போதும்" என்று சொல்லிவிட்டாள்.

கெட்டதும் உண்டு. தனியாக நின்றிருந்த ஒருவனை ஏற்றினேன். தலைப்பாகையை இழுத்து முகத்தை மூடியிருந்தான். நல்ல இடமாகப் பார்த்துக் கத்தியை எடுத்தான். மறைந்திருந்த அவன் கூட்டாளிகள் வந்து சரக்கை இறக்கிக்கொண்டார்கள், அதுகூடப் பரவாயில்லை. போகும்போது என் செருப்பையும் கழற்றிக்கொண்டு வண்டிச் சாவியை மணலில் வீசினான். உள்ளங்கால் தோல் உரிந்து நடந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். அன்றிலிருந்து முகத்தை மூடிக்கொண்டு தனியாக நிற்கிறவனுக்கு நான் நிறுத்துவதில்லை. சூடு கண்ட பூனை.

என் மகன் யர்பாவுக்கு இது பிடிக்கவில்லை.

"வாப்பா, இந்த வெயில்ல எவன் மூஞ்சிய மூடாம நிப்பான்? நீங்க சொல்றதப் பாத்தா ஒருத்தனையும் ஏத்த முடியாது."

"செருப்பு இல்லாம நடந்தது நீயா, நானா?"

"ஒருத்தன் கத்திய எடுத்தான்னு ஊர்ல உள்ளவனை எல்லாம் தண்ணியில்லாம நிக்க வைப்பீங்களா?"

அவன் வாய்க்கு வாய் பேசினாலும் சிரித்துக்கொண்டே பேசுவான். அதனால் அடிக்கக் கை வராது. ஒரே பிள்ளை.

எங்கள் வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். ஏற்றிச் செல்கிறவன் காசு வாங்க மாட்டான். வண்டி நிற்கும் இடத்தில் ஏறி வந்தவன் தேநீர் போட வேண்டும். மூன்று குவளை. மூன்றாவது குவளை காலியாகும் வரை அவன் என் விருந்தாளி, அவன் உயிர் என் கழுத்தில். அதன் பிறகு அவன் வழி அவனுக்கு, என் வழி எனக்கு. இந்த வழக்கத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. தயவுசெய்து இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

யர்பா தொலைவில் கடலோர நுவாதிபுவில் மீன் கிடங்கில் வேலை பார்த்தான். தியாகத் திருநாளுக்கு லீவு கிடைக்காது என்று சொல்லி அனுப்பியிருந்தான். எப்படியோ கிடைத்திருக்கிறது. இரும்புத் தாது ரயிலின் காலிப் பெட்டியில் ஏறி ஸுவேராத் வந்திருக்கிறான். அங்கே ஒரு ஜீப்காரர் ஏற்றிக்கொண்டு, பாதியில் அவர் கிழக்கே திரும்ப வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டிருக்கிறார். பெருநாளுக்கு முந்தைய நாள். ஊருக்கு ஓடும் லாரி ஏதாவது வரும் என்று நம்பி அவர் விட்டுப் போனதில் தப்பில்லை. லாரி வந்தது. எங்கள் ஊர் தெத்தாவின் லாரி, பெருநாள் ஆடுகளை ஏற்றிக்கொண்டு. அவன் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு எந்த வண்டியும் வரவில்லை. பெருநாளும் அதுவுமாக எவன் வண்டி எடுப்பான்?

பெருநாள் காலையில் ஆட்டை அறுத்தேன். ஈரலைக் கங்கில் சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஸல்கா, "யர்பாவுக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கவா? அவன் வருவான்னு மனசு சொல்லுது" என்றாள்.

"ஈரல் வாசனைக்கு நுவாதிபுலேருந்து பறந்து வருவானாக்கும். நீ சாப்பிடு" என்றேன்.

அவள் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். அந்த நேரத்தில் அவன் உயிரோடு இருந்திருப்பான் என்று பிறகு சொன்னார்கள். ஒட்டகம் மேய்ப்பவர்கள்தான் கண்டெடுத்தார்கள். காலித் தண்ணீர்க் கேனில் சாய்ந்து, தடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தானாம். ஸல்கா அதற்குப் பிறகு என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டதில்லை. என் நெஞ்சு அன்றைக்கே வெடித்துவிட்டது, ஐயா. மிச்சம் இருப்பது வண்டி ஓட்டுகிற கையும் காலும்தான்.

தெத்தா துக்கம் கேட்க வந்தான். கூட்டம் நிறைந்த கூடாரத்தில் என் முன்னால் மண்டியிட்டு, "நான் பாத்தேன் கத்ரி. நின்னிருக்கணும். ஆடுக வெயில்ல செத்துரும்னு நிக்காம போயிட்டேன். என்னை அடி" என்றான். நான் அடிக்கவில்லை. கத்ரியின் பொறுமையைப் பார் என்று எல்லாரும் மெச்சினார்கள். ஊர் அவனை விடவில்லை. யாரும் அவனுக்குச் சரக்குக் கொடுக்கவில்லை, பெண்கள் அவனுக்குக் குடிக்கப் பால் கொடுக்கவில்லை. கடைசியில் லாரியை விற்றான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

போன மாதம் அவனே என் தடத்தில் கை காட்டினான். முகத்தை மூடாமல் நின்றான். நிறுத்தினேன்.

"ஏறு."

"நெசமாத்தான் சொல்றியா?"

"சீக்கிரம் ஏறு, எஞ்சின் சூடாகுது."

முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்து வந்தான். தடத்தை விட்டு விலகி, எனக்குத் தெரிந்த ஒரு கருவேல மரத்துக்கு ஓட்டினேன். அங்கே நிழல் நன்றாக இருக்கும். வேறு எந்த எண்ணமும் இல்லை. தண்ணீர்த் தோல்பையை ஏன் லாரியிலிருந்து இறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். தேநீர்க் கெண்டிக்கு வேண்டியதை ஊற்றிக் கொடுத்தேன், அது போதுமாக இருந்தது.

முதல் குவளையைக் குடித்தோம். இரண்டாவதை ஊற்றும்போது அவனாகவே சொன்னான்: "உன் மகன் என் வண்டியில ரெண்டு மூணு தடவ வந்திருக்கான். டீ மட்டும் கழுதை மூத்திரம் மாதிரி போடுவான். அதுல பெருமை வேற."

உண்மைதான். நான் சிரித்துவிட்டேன். மகன் போன பிறகு அன்றுதான் சிரித்தேன், கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவதை ஊற்றியதும் கேட்டேன்.

"தெத்தா, ஆடு செத்தா என்ன? ஏன் நிக்கல?"

அவன் தரையைப் பார்த்தான். "விடு கத்ரி."

"சொல்லு."

"உன் வண்டி எனக்கு முன்னாடி போயிருந்துச்சு. உன் சக்கரத் தடம் எனக்குத் தெரியாதா? புதுத் தடம். அவன் காலடியிலேயே போயிருந்துச்சு. பக்கத்துல வந்ததும் வேகத்தக் குறைச்சிருக்க. பெறகு மிதிச்சிருக்க. புள்ளத்தாச்சிக்கும் ஒட்டகத்துக்கும் நிக்கிற கத்ரியே இவனுக்கு நிக்கலன்னா, மூஞ்சிய மூடிட்டு நிக்கிற இவன் பெரிய கேடியாத்தான் இருப்பான்னு நெனச்சேன். நீ நிக்கலன்னுதான் நானும் நிக்கல."

"அப்ப ஆடுன்னு சொன்னது?"

"கூடாரத்துல உன் பொண்டாட்டி உக்காந்திருந்தாளேப்பா. வேற என்னத்தச் சொல்ல?"

யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை, சாகும்வரை சொல்லவும் மாட்டேன் என்றான். நான் அவனை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, என் மகனின் தேநீரைப் பற்றிப் பேசிச் சிரிக்க வைக்கிறான். ஒரு தகப்பன் இதை எப்படிப் பொறுப்பான்?

அவன் மூன்றாவது குவளையைக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். முடித்தான். மணலை அள்ளிக் குவளைகளைத் துலக்கத் தொடங்கினான். நான் வண்டியில் ஏறி எடுத்தேன். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான் போல. கண்ணாடியில் பார்த்தபோது சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினான். பிறகு சிரிக்கவில்லை.

அங்கிருந்து தடத்துக்கு நடந்து வரலாம். குளிர்காலமாக இருந்தால் நானே நடந்திருப்பேன். நீங்கள் அவனைக் கண்டபோது குவளைகள் இரண்டும் துலக்கித் தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன என்று சொன்னீர்கள். நல்ல மனிதன். நான் திரும்பி வருவேன் என்று நம்பிக் காத்திருக்கிறான். காத்திருக்காமல் நடந்திருந்தால் பிழைத்திருப்பான், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆக, தெத்தாவை விட்டுவிட்டு வந்தது நான்தான். கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் மகனுக்காகச் செய்தேன் என்பதையும் எழுதுங்கள்.

பெருநாளுக்கு முந்தைய நாளைப் பற்றி மட்டும் கவனமாக எழுதுங்கள். இதை ஸல்காவுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். நின்றவன் முகத்தை மூடியிருந்தான். துணிக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கண்களைப் பார்த்ததும் ஒரு நொடி கால் தானாகவே பிரேக்குக்குப் போனது உண்மை. யர்பா நுவாதிபுவில் அல்லவா இருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வேகத்தைக் கூட்டினேன்.