டீச்சரம்மாவின் சந்தனப் பட்டு

பழைய பட்டை நேர் வெயிலில் காயப் போடக் கூடாது, ஐயா. நிழலில் விரித்து அரை நாள் காற்றாடவிட்டால் போதும். என் வீட்டு மாடிக் கொடியில் அப்படித்தான் போட்டிருந்தேன். தெருவில் போன டீச்சர் மகள் ஆஷ்லின் பார்த்துவிட்டாள். அவள் அம்மாவின் கல்யாணச் சேலையை நான் திருடிவிட்டதாக உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பழங்காநத்தத்தில் என்னைத் திருடி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

எங்கள் சௌராஷ்டிர சனத்தில் பாதிப் பேர் புதுச் சேலை நெய்தவர்கள், மீதிப் பேர் விற்றவர்கள். எனக்கு மட்டும் சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் உடுத்திய சேலைமேல்தான் பித்து. புதுப்பட்டு விறைத்துக்கொண்டு நிற்கும். நாலு விசேஷம் பார்த்ததுதான் உடம்போடு ஒட்டும். வீடு வீடாக எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துப் பழையதை வாங்கி, கிழிசலுக்கு இழையோட்டி, இஸ்திரி போட்டு விற்பேன். நான் விற்ற சேலையில் தாலி கட்டிக்கொண்ட பெண்கள்கூட உண்டு.

கோச்சடை ஆனிமேரி டீச்சர் ஒருநாள் பீரோவைத் திறந்தபோதுதான் அதைப் பார்த்தேன். சந்தன நிறப் பட்டு, முந்தியில் ஜரிகையில் சிலுவைக் கொடி. கல்யாணத்தன்று கட்டியதோடு சரி. அந்துருண்டை வாசத்தில் சும்மா மடித்துக் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்டேன்.

டீச்சர் சிரித்தார். "இருக்கிற வரைக்கும் தர மாட்டேன் ராதாமணி. செத்தப்புறம் நீயே எடுத்துக்க."

விளையாட்டுக்குச் சொன்னதாம், ஆஷ்லின் சொல்கிறாள். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய் பொய் சொல்லுமா? நான் அவசரப்படவில்லை, வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். தொண்ணூற்றெட்டு ஐப்பசியில் மறுபடி பார்த்தபோது மடிப்போரம் இற்றுக்கொண்டிருந்தது. ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அப்படித்தான் வெட்டிக்கொள்ளும். டீச்சர் நன்றாகத்தான் இருந்தார். சேலைக்குத்தான் நாள் இல்லை.

டீச்சருக்கு இழுப்பு உண்டு, தூசி ஆகாது. அதனால் துணி மூட்டையை எப்போதும் வாசலிலேயே உதறுவேன். அன்று கூடத்தில் உதறினேன். மழைச்சாரல் என்று சன்னல்களைச் சாத்தியிருந்தோம். டீச்சர் இருமினார், மேசையைத் தடவினார்.

"பம்பு எங்க ராதாமணி... இங்கனதான வச்சேன்."

மூச்சுக்கு அடிக்கிற அந்தப் பம்பு என் மடியில், துணிக்கு அடியில் இருந்தது. "தேடுறேன் டீச்சரம்மா, பதறாதீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். பிடி தளர்ந்த பிறகு பம்பை மேசைக்கடியில் உருட்டிவிட்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டேன்.

ஒன்றைத்தான் நான் யோசிக்கவில்லை. எங்களில் போனவர் துணிமணி பதினாறாம் நாளுக்குள் வெளியே வந்துவிடும். அதை நம்பியிருந்தேன். மறுநாள் ஆஷ்லின் அழுதுகொண்டே அந்தச் சேலையை என் கையில் கொடுத்தாள்.

"எங்கள்ல கல்யாணச் சேலையோடதான் அடக்கம் பண்ணுவோம்க்கா. நீங்களே அம்மாவுக்கு நல்லா கட்டிவிடுங்க."

மண்ணுக்குள் போடுவதற்காம். கதவைச் சாத்திக்கொண்டேன். என் மூட்டை இன்னும் அந்த வீட்டில்தான் கிடந்தது, அதில் அதே நிறத்தில் ஒரு பழைய பட்டும் இருந்தது. கொசுவம் கலையாமல் அதைக் கட்டி, முந்தியை முதுகுக்கடியில் செருகிவிட்டேன். மேலே பூ மூடியதால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை. இம்புட்டு அழகா யாரும் கட்டிவிட முடியாதுக்கா என்று ஆஷ்லின்தான் சொன்னாள்.

நீங்கள் பம்பைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான்தான் எடுத்து வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் செத்தப்புறம் எடுத்துக்க என்றார். செத்துப்போனார், எடுத்துக்கொண்டேன். இதில் திருட்டு எங்கே வந்தது, ஐயா?