குதிரையின் கழுத்து

குதிரையின் கழுத்து உடைந்தபோது டிசைன் அறையில் இருந்தவர்கள்: முதலாளி பஷீர் அகமது, அவர் மகள் நிகத், பகல் ஷிப்ட் டிசைனர் வளவன், ரிக் வண்டிக்குச் சாமான் சொல்ல வந்த சடையன், ராத்திரி ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குக் கிளம்பாத நான். நல்ல வெயில். பட்டறையில் அந்த அறைக்கு மட்டும்தான் ஏசி. அதனால்தான் எல்லோரும் அங்கே இருந்தோம்.

என் பெயர் குணசீலன். புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் பட்டறை. போர்வெல் ரிக்குகளுக்கு வேண்டிய இரும்புச் சாமான்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, லேத்தில் கடைந்து கொடுக்கிறோம். மெக்கானிக்கல் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டேன். அதற்குப் பின்னால் கதை எதுவும் இல்லை. பிடிக்கவில்லை, விட்டேன். ராத்திரியில் லேத் ஓட்டுவேன். ஒரு பாகம் கடைந்து முடியும்வரை சும்மா நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் சதுரங்கக் காய்கள் வரைந்தேன்.

நிகத் கல்லூரி அணியில் சதுரங்கம் ஆடுகிறவள். அவளுக்குப் பித்தளையில் ஒரு செட் செய்து தர வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. வளவனிடம் சொல்லியிருந்தார். அவனுக்கு நேரமில்லை. "குணாண்ணா, நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றான். பார்த்தேன்.

காய்களை வரைவது பெரிய வித்தை இல்லை. பாதி உருவத்தின் ஓரக்கோட்டை வரைந்து, நடு அச்சைக் காட்டிச் சுற்றச் சொன்னால் மென்பொருள் சுற்றிவிடும். சிப்பாய் எழுந்து நிற்பான். கோட்டைக்கு மேலே பள்ளங்கள், மந்திரிக்குத் தலையில் சாய்வாக ஒரு கீறல், அவ்வளவுதான். குதிரை மட்டும் சுற்றினால் வராது. அதற்கு முன் உண்டு, பின் உண்டு, முகம் உண்டு. மற்ற காய்கள் எல்லாவற்றுக்கும் ஆன நேரத்தைக் குதிரை ஒன்றே வாங்கியது.

மென்பொருளுக்கு உரிமம் ஒன்றுதான். அது வளவன் பெயரில் இருந்தது. பகலில் அவன் திறந்து வைத்ததை ராத்திரியில் நான் தொடர்வேன். யார் வரைந்தாலும் வரைபடத்தின் மூலைக் கட்டத்தில் 'வரைந்தவர்: வளவன்' என்று தானாக விழும். பட்டறையில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை.

பித்தளையில் கடைவதற்கு முன் மாதிரிக்காக சேலத்தில் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு வாங்கியிருந்தோம். நிகத் குதிரையை எடுத்துப் பலகையில் ஒரு கட்டத்தில் ஓங்கி வைத்தாள். பீடம் பலகையில் நின்றது. தலை அவள் கையில் இருந்தது.

"ஏனுங் சாமி, இது குதிரைங்களா, கோழிங்களா? திருகாமயே கழுத்து கையோட வந்துருச்சு" என்றார் சடையன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வளவன் உடைந்த இடத்தைப் பார்த்தான். "பீடமும் கழுத்தும் சேர்ற உள்மூலை கத்தியாட்டம் இருக்குதுங்ண்ணா. அங்க ஒரு வளைவு குடுக்கோணும். இல்லீன்னா பாரமெல்லாம் அந்தக் கோட்டுலயே எறங்கி விரிஞ்சுரும்." உட்கார்ந்து வளைவைப் போட்டான். கையோடு கையாகத் தலையையும் கொஞ்சம் சாய்த்தான். குதிரைக்கு உயிர் வந்தது. அதை நான் மறுக்கவில்லை.

முதலாளி திரையின் மூலையைப் பார்த்தார். "வளவா, முழு செட்டும் நீயா வரைஞ்ச? மாஷா அல்லாஹ்."

"குணாண்ணா தான் சார் வரைஞ்சாரு. நான் இப்பத் தொட்டது மட்டும்தான்."

"பாத்தியா நிகத், எவ்வளவு தன்மையான பையன். பேரையே அடுத்தவனுக்குத் தர்றான்."

"அப்ப சேலம் ஆபீசுக்கு இவரையே போடுங்க, அத்தா" என்றாள் நிகத் அப்பாவிடம்.

சேலத்தில் முதலாளி புதிதாக டிசைன் ஆபீஸ் திறக்க இருந்தார். அங்கே ஒரே ஒரு நாற்காலி. பகல் வேலை. அதை நான் ஏற்கெனவே வாய்விட்டுக் கேட்டிருந்தேன். யோசிக்கலாம் என்றிருந்தார். இப்போது யோசித்துவிட்டார். என் தோளைத் தட்டி, "குணா, நீ ராத்திரிய விட்டுறாதப்பா. மெஷினுக்கு உன்ன மாதிரி ஆளு கெடைக்காது" என்றார்.

பகலில் தூங்குகிறவனுக்கு ஊரில் மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருவார்கள். கல்யாணத்துக்கு அழைக்க மறப்பார்கள். சாவுக்குச் சொல்லியனுப்ப மறப்பார்கள். அந்த நாற்காலி எனக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

சடையன் சொல்ல வந்த சாமான் ஒரு பிளக். ரிக்கில் துளையிடும் ராடுகளைத் தூக்க உதவுவது. கீழே திருகு, மேலே கயிறு மாட்டும் தலை, நடுவில் கழுத்து. வளவன் அன்றே அதை வரைந்து, கழுத்தின் அடியில் வளைவும் போட்டு முடித்தான். சாயந்திரம் ஷிப்ட் மாறியபோது கோப்பு திறந்தே இருந்தது. நான் உட்கார்ந்து வளைவை அணைத்துவைத்தேன். அழிக்கவில்லை. அணைத்துவைத்தால் பெயர் பட்டியலில் சாம்பல் நிறத்தில் கிடக்கும், உருவத்தில் மட்டும் இருக்காது. வளவனுக்கே அந்தப் பழக்கம் உண்டு. பழைய கம்ப்யூட்டர் திணறாமலிருக்க வளைவுகளை அணைத்துவைத்து வேலை செய்து, கடைசியில் திரும்பப் போடுவான். அதனால்தான் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன். சேமித்தபோது மூலையில் அவன் பெயர் விழுந்தது. அதை நான் எழுதவில்லை.

பிறகு அதன்படியே கடைந்தேன். மிகச் சுத்தமான வேலை.

காலையில் சடையன் வந்தார். நானே எடுத்துக் கொடுத்தேன். கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"கனமாத்தான் இருக்குது. தாங்குமுங்களா?"

"தாங்கும்."

"அந்தக் குதிரையாட்டம் பண்ணிப்போடாதீங் சாமி." சிரித்தார். "சரிங், வாரேன்."

போய்விட்டு வாருங்கள் என்றேன். அவர் வண்டி சாலையில் ஏறும்வரை வாசலில் நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவர் என் குதிரையைப் பார்த்துச் சிரித்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. யார் கேட்டாலும் இதை முதலில் சொல்லிவிடுவேன்.

உடையும்போது கீழே யாரும் நிற்கமாட்டார்கள் என்று நினைத்ததாகச் சொல்லலாம். பொய். ரிக்கில் கீழே நிற்காமல் வேலையே கிடையாது. மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு மஞ்சள் காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தபோது கழுத்து விட்டது. ராடு நேராகச் சடையன் மேல் இறங்கியது. அவர் மனைவி உண்ணாமலை பட்டறை வாசலுக்கு வந்து நின்றபோது நான்தான் நாற்காலி எடுத்துப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்லா இருப்ப சாமி" என்றார்.

இப்போது சேலம் ஆபீசில்தான் இருக்கிறேன். நல்ல நாற்காலி. ஜன்னல் இருக்கிறது. ராத்திரி முழுக்க வீட்டில்தான், தூக்கம் மட்டும் வருவதில்லை. நிகத் அந்த செட்டை முடித்துத் தரச் சொல்கிறாள். குதிரையைத் திரையில் எந்தப் பக்கம் திருப்பினாலும் முகம் என் பக்கமே வந்து நிற்கிறது. மென்பொருளில் அப்படி ஒரு வசதி கிடையாது. எந்த உள்மூலையில் வளைவு போட்டாலும் தோளுக்குப் பின்னால், "தாங்குமுங்களா?" என்று கேட்கிறது. தாங்கும் என்கிறேன். "யார்கிட்டப் பேசுறீங்க?" என்று நிகத் ஒருமுறை கேட்டாள். அளவைச் சொல்லிப் பார்த்தேன் என்றேன்.

போலீஸ் பட்டறைக்கு வந்த அன்று இன்ஸ்பெக்டர் வரைபடத்தைக் காட்டச் சொன்னார். மூலையில் வளவன் பெயர் இருந்தது.

"சார், நான் வளைவு போட்டேன் சார். போடாம விடமாட்டேன் சார்" என்றான்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீதான ராத்திரி ஆளு? இதத் தொட்டியா?"

"வரையறது அவரு சார். நான் ஓட்டறது மட்டும்தான்."

வளவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. முதலாளி ஏசியை அணைத்தார்.

மறுநாள் மதியம் சாப்பாடு வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். கோர்ட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் கொஞ்ச நேரம் பேச விட்டார்கள். அவனை லாக்கப்பிலிருந்து வெளியே கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. முழங்காலில் விரலால் எதையோ வரைந்துகொண்டிருந்தான்.

"ராவெல்லாம் யோசிச்சங்ண்ணா. மாடல் வேகமாத் திரும்பட்டும்னு வளைவ அணைச்சு வெப்பனில்ல. அன்னைக்கும் வெச்சிருப்பன். திருப்பிப் போட மறந்துட்டனாட்டம் இருக்குது."

பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"மறந்திருப்பனுங்களா? நீங்க சொல்லுங்ண்ணா. நீங்க சொன்னா நான் நம்பிக்கறேன்."

"மறந்திருப்ப வளவா. வேலை அதிகம் அன்னைக்கு. யாருக்கும் வர்றதுதான்" என்றேன்.

தலையை ஆட்டினான். முகத்தில் அதுவரை இருந்த அலைச்சல் போய்விட்டது. "ஒரு உசுரு போயிருச்சுங்ண்ணா என்னால" என்றான். அழுதான். நேற்றிலிருந்து அழவே இல்லையாம், காவலர் சொன்னார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். எப்படி நடந்தது என்று இனி அவன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவனுக்கு அந்த ஒரு நிம்மதியைக் கொடுக்க நானாவது போனேனே என்று நினைத்துக்கொண்டேன்.

காவலர் அவனை எழுப்பி உள்ளே அனுப்பினார். கதவைச் சாத்திப் பூட்டினார்.