மடியில் இருந்த முளைகள்

"அம்மனுக்குத் தெரிஞ்சிருமா அக்கா, இது வெளிய வாங்குனதுன்னு?"

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் கொமுட்டர் ரயிலில், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள். மடியில் ஈரத்துண்டு மூடிய பிளாஸ்டிக் தட்டு. பக்கத்திலிருந்த அக்கா துண்டை விலக்கினார். தட்டு நிறையப் பச்சை முளைகள்.

"முளைப்பாரி நீயே போட்டேன்னு சொன்னியே?"

"போட்டேன். வீட்டுக்காரரு ஹார்ட் ஆப்பரேஷனுக்கு வேண்டிக்கிட்டு இருட்டு ரூம்புல வச்சேன். எல்லாம் அழுகிருச்சு."

"ஐயோ, மெதுவா பேசு லா."

"காப்பார்ல ஒரு அண்ணன் வீட்டுலயே மைக்ரோகிரீன்ஸ்னு முளைக்கீரை வளத்து விக்கிறாரு, சாலட்டுக்கு. அங்க ஓடுனேன். வழக்கம்போல வெட்டிக் குடுக்கக் கத்தரிக்கோல எடுத்தாரு. வெட்டாதீங்கன்னு கத்திட்டேன். பாவம், பயந்துட்டாரு."

"அழுகினத என்ன பண்ணுன?"

"அந்த இருட்டு ரூம்புலயேதான் இருக்கு. தூக்கிப் போட பயமா இருக்கு. இன்னும் தண்ணி தெளிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆப்பரேஷன் முடிஞ்சு கட்டில்ல சாஞ்சுக்கிட்டே தினமும் கேக்குறாரு, எவ்வளவு உயரம் வந்துருச்சுன்னு. அது நல்லா வந்தாதான் தானும் எழுந்து நடப்பேன்னு நம்புறாரு. நானும் தினம் கொஞ்சம் கூட்டிக் கூட்டிச் சொல்லிட்டேன்."

"நேத்து எவ்வளவு சொன்ன?"

"ஒரு சாண்."

அக்கா முளைகளுக்குப் பக்கத்தில் ஆள்காட்டி விரலை நிறுத்திப் பார்த்தார். பாதி விரலுக்குக்கூட வரவில்லை.

"நாளைக்குக் கோயிலுக்குக் கிளம்பும்போது இத உன் தலையில யாரு தூக்கி வைக்கிறா?"

அவள் துண்டை இழுத்து மூடினாள்.

"அவருதான்."