என்னைத் தள்ளுவதற்கு ஓர் ஆள்

டீ நன்றாக இருக்கிறது, மேடம். இந்த ஊரில் பாதிக் கடைகளில் இஞ்சியை நசுக்காமல் நறுக்கிப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் ஸ்டேஷனுக்கு டீ கொண்டுவருகிறவர் பொறுப்பான ஆள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பெயர் வன்னியபெருமாள். மார்க்கெட் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். என்னைப் பற்றி தூத்துக்குடியில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள், அண்ணாச்சி அதிர்ந்து பேசமாட்டார் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அடிதடி பிடிக்காது. அதனால்தான் தற்காப்பு கற்றுக்கொள்ளப் போனேன்.

சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். கடற்கரைச் சாலையில் நடந்து பார்த்தேன். எதிரே வருகிற எல்லோரும் நிறுத்தி, குக்கருக்குக் கேஸ்கட் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். நடக்கவே முடியவில்லை. அந்தச் சாலையிலேயே ஒரு மாடி ஹாலில் டெல்பின் என்ற பெண் தற்காப்பு வகுப்பு நடத்துகிறார். மாடிக்கு யாரும் கேஸ்கட் கேட்டு வரமாட்டார்கள் என்று அதில் சேர்ந்தேன். மற்றவர்கள் எல்லாம் கல்லூரிப் பெண்கள். நான் ஒருவன்தான் டிராக் பேண்டுக்கு மேல் வேட்டி கட்டிக்கொண்டு போனவன்.

டெல்பின் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். எதிராளி குத்த வந்தால் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்த வேண்டும். குத்தை நேருக்கு நேர் வாங்காமல், உள்ளங்கையால் ஓரமாகத் தட்டிவிட்டுச் சாய்ந்து விலக வேண்டும். இரண்டு கைகளாலும் நெஞ்சில் தள்ளினால் பதிலுக்குத் தள்ளக் கூடாது. ஒரு காலைப் பின்னால் வைத்து, அவன் கைகளை நம் நெஞ்சோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு இடுப்பைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான். அவன் கொண்டுவந்த வேகத்திலேயே அவன் போய் விழுவான்.

"ஆனா அண்ணாச்சி, இது எல்லாம் ரெண்டாவதுதான்," என்பார் டெல்பின். "முதல் பாடம் ஓடுறது. வழி இருந்தா ஓடிருங்க."

எனக்கு முட்டு வலி இருப்பதால் முதல் பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தத் தள்ளுப் பாடம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வகுப்பில் என்னைத் தள்ளிய பெண்கள் எல்லாம் மெத்தையில் போய் அழகாக விழுந்தார்கள். ஆனால் அவர்கள் சொல்லிவிட்டுத் தள்ளினார்கள். "அண்ணாச்சி, தள்ளட்டா?" என்று கேட்டுவிட்டுத் தள்ளுவதில் என்ன இருக்கிறது? எனக்கு ஒரு நிஜமான தள்ளு தேவைப்பட்டது. பாத்திரம் வாங்குகிறவர்கள் அதைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லையே, அதைப் போலத்தான்.

சண்முகத்தாயிடம் கேட்டேன். அவள் என் மனைவி.

"என்னையத் தள்ளு," என்றேன்.

"தோசை வெந்துக்கிட்டிருக்கு. அங்கன தள்ளி நில்லுங்க," என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் கூட்ட நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன். எல்லோரும் பின்னாலிருந்துதான் தள்ளினார்கள். பின்பக்கத் தள்ளுக்கு எங்களுக்கு இன்னும் பாடம் வரவில்லை. மாதா கோயில் திருவிழாவில் தேர் வரும்போது கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தேன். இடித்தவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்ததும், "மன்னிச்சிருங்க அண்ணாச்சி," என்று ஒதுங்கினார்கள். ஒருவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் நிழலில் உட்கார வைத்து, மோர் வாங்கிக் கொடுத்தார். இந்த ஊரில் மரியாதை அதிகம். அதுதான் சிக்கல்.

அப்போதுதான் நிதானமாக யோசித்தேன். முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் அவனுக்கும் ஏதாவது வித்தை தெரிந்திருக்கலாம். அது ஆபத்து. நன்றாகத் தெரிந்த ஆளாக, திருப்பி அடிக்கத் தெரியாத ஆளாக, ஆனால் என்மேல் கடும் கோபத்தில் இருக்கிற ஆளாக வேண்டும். முதல் இரண்டுக்கும் என் மச்சினன் செந்தூர்வேலை விட்டால் வேறு ஆள் கிடையாது. மூன்றாவதை நான் உண்டாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

செந்தூர்வேல் சண்முகத்தாயின் தம்பி. பழைய துறைமுகத்தில் தோணிகளில் ஏறும் சரக்கைச் சரிபார்க்கிற வேலை. கரையில் நின்றபடிதான் பார்ப்பார். தோணி அசைவதைப் பார்த்தாலே அவருக்கு வாந்தி வரும். தலையில் முடி போய், கல்யாண வயதும் தாண்டி, இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் விட்டுவிட்ட நேரத்தில் விளாத்திகுளத்தில் ஒரு பெண் அமைந்தது. சரண்யாதேவி, பள்ளிக்கூட டீச்சர். நிச்சயம் ஆனதிலிருந்து மாப்பிள்ளை தரையில் கால் பாவாமல் நடந்தார். நான் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், மேடம். எங்களுக்குள் எந்தப் பகையும் கிடையாது.

சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். வேலைக்குப் போகும் வழியில் என் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இட்லி சாப்பிடப் போவார். நான் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவேன். தினமும். அவர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே துறைமுகம் வரை போவார். கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கால்களை அகட்டி, முதுகை நிமிர்த்தி, அருமையாகத் தள்ளினார். திறமை இருந்தது. தள்ளும் பொருள்தான் மாற வேண்டியிருந்தது.

ஒரு நாள் கடைக்குள் வந்தார். நான் எழுந்து ஒரு காலைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"அத்தான், வண்டிய யாரோ பஞ்சர் பண்ணுதான்," என்றார். "ஆனா ஒண்ணு. தள்ளித் தள்ளித் தொந்தி குறைஞ்சுட்டு. கல்யாணச் சட்டை இப்ப சரியா இருக்கு."

அடுத்து மக்ரூன். பெண் வீட்டுக்கு இனிப்பாகக் கொண்டுபோக ஒரு பெட்டி வாங்கி என் கடையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மக்ரூனை எல்லாம் நான் சாப்பிட்டுவிட்டு, எனக்கு சர்க்கரை இருக்கிறது, இருந்தாலும் சாப்பிட்டுவிட்டு, பெட்டியில் கல்லுப்பை நிரப்பிப் பழையபடி கட்டி வைத்தேன். விளாத்திகுளத்தில் எல்லோர் முன்னிலையிலும் பிரித்திருக்கிறார்கள். சரண்யாதேவியின் அம்மா உப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முதல்ல உப்பக் கொடுத்திருக்காரு பாருங்க. மகாலட்சுமி. யாருக்கு இந்தப் புத்தி வரும்?" என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை திரும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான்தான் மாற்றி வைத்திருக்க வேண்டும் என்று அவரே கண்டுபிடித்து, அதற்கு நன்றியும் சொன்னார்.

இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல்லுங்கள். வேறு வழியில்லாமல்தான் விளாத்திகுளம் போனேன்.

கல்யாண விஷயமாகப் பேசப் போகிறேன் என்று சண்முகத்தாயிடம் சொன்னேன். பொய் இல்லை. பெண்ணின் அப்பா செல்லப்பாண்டி மிளகாய் போடுகிற விவசாயி. வாசலில் காயப்போட்ட வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, செந்தூர்வேலுக்குக் கொழும்பில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று சொன்னேன். கொழும்பை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். மதுரை, திருச்சி என்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடுவார்கள்.

"பொண்டாட்டி மட்டுமா, பிள்ளைகளும் உண்டுமா?" என்று கேட்டார்.

"ரெண்டு உண்டு," என்றேன். பிள்ளைகளைப் பற்றி நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. அதுவாக வந்துவிட்டது.

"பேரு என்ன அண்ணாச்சி?"

"மூத்தவன் கண்ணன். சின்னதுக்கு இன்னும் பேரு வைக்கல."

அவர் வத்தலிலிருந்து கையை எடுத்து, கண்ணைத் துடைத்தார். மிளகாய்க் கை. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. அப்படியே என்னைக் கட்டிக்கொண்டார். "சொந்த மச்சினன்னு பாக்காம உண்மையச் சொல்லுதீங்களே. நீங்க மனுசன் அண்ணாச்சி."

அவர் சொன்னது எனக்கு மனசுக்கு இதமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கல்யாணம் நின்றது. காரணத்தைச் சொல்லக்கூட அவர்களுக்கு வாய் கூசியிருக்கிறது. எங்களுக்கு இஷ்டமில்லை என்று போனில் ஒரு வரி, அவ்வளவுதான். மாப்பிள்ளை வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை என்று சண்முகத்தாய் வந்து அழுதாள். நான் விளாத்திகுளம் போய்வந்த பிறகுதான் நின்றது என்று அவள் தம்பியிடம் சொல்லியிருப்பாள், கோபம் என்மேல்தான் திரும்பும் என்று கணக்குப் போட்டேன். நாளைக்குக் கடைக்கு வரச் சொல் என்றேன்.

அவருக்கு அடிபடக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தேன், மேடம். இதை நீங்கள் அவசியம் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிச் சாமான்களை எல்லாம் உள்ளே எடுத்து வைத்தேன். அரிவாள்மனை, கத்தி, தேங்காய்த் துருவி எல்லாவற்றையும் பரண்மேல் போட்டேன். நான் நிற்கப் போகிற இடத்துக்கு வலப்பக்கம் இரண்டு கோரம்பாய் விரித்து, மேலே ஒரு ஜமுக்காளமும் போட்டேன். பிறகு கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டேன்.

மாப்பிள்ளை தாடியோடு வந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அவர் முகம் கோணியது. பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு வேகமாக என்னை நோக்கி வந்தார்.

தள்ள வருகிறவனின் கைகள் சேர்ந்து வரும் என்று டெல்பின் சொல்லிக்கொடுத்திருந்தார். இவருடைய கைகள் அகன்று வந்தன. உள்ளங்கைகள் உள்பக்கம் பார்த்திருந்தன. கண்ணில் தண்ணீர் இருந்தது. "எனக்காக விளாத்திகுளம் வரைக்கும் போயிருக்கீங்களே அத்தான்," என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார். கட்டிப்பிடிக்க வருகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கால் எடுத்து வைக்கிற அந்த நேரத்திலேயே தெளிவாகத் தெரிந்துவிட்டது. இவ்வளவு ஏற்பாடு செய்துவிட்டு வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

காலைப் பின்னால் வைத்தேன். கைகளை நெஞ்சோடு அமுக்கினேன். இடுப்பைத் திருப்பினேன்.

பாய் இருந்த பக்கம் அவர் போகவில்லை. இடப்பக்கம் போய்ப் பித்தளை அண்டாக்களின்மேல் விழுந்தார். அடுக்கு முழுவதும் சரிந்தது. கடைசி மூடி உருண்டு போய்த் தெருவில் ஒரு ஆட்டோவை நிறுத்தியது. அந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தோள்பட்டைக்குப் பக்கத்தில் காறை எலும்பு முறிந்துவிட்டது என்றார்கள். பாத்திரம் தடுக்கி விழுந்ததாக மாப்பிள்ளையே டாக்டரிடம் சொன்னார். அத்தான் பிடிக்கத்தான் பார்த்தார், நான்தான் நழுவிவிட்டேன் என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து டெல்பினுக்குப் போன் செய்தேன். ஆசிரியருக்குச் சொல்ல வேண்டுமில்லையா.

"அவரு என்ன செஞ்சாரு?" என்று கேட்டார்.

"கட்டிப்பிடிக்க வந்தாரு. கைய அமுக்கித் திருப்பிட்டேன். ஆனா ஆளு இடப்பக்கம் போயிட்டாரு. பின்னங்கால் கொஞ்சம் நேரா நின்னுட்டோன்னு ஒரு சந்தேகம்."

"அண்ணாச்சி, இனிமே கிளாஸுக்கு வராதீங்க," என்றார். கால் விஷயத்துக்கு அவர் பதில் சொல்லவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். சண்முகத்தாய் காலடியில் இருந்தாள். அப்போதுதான் சரண்யாதேவி வந்தார். அடிபட்டது தெரிந்து, அப்பாவிடம் சொல்லாமல் பஸ் ஏறியிருக்கிறார். கட்டிலருகே நின்று நேராகக் கேட்டார்.

"கொழும்புல யாரு இருக்கா?"

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. "கொழும்பா? அங்கன போவ தோணியில ஏறணுமே. எனக்கு வாந்தில்லா வரும்."

"ரெண்டு பிள்ளைய இருக்காமே. மூத்தவன் கண்ணனாம்."

"யாரு சொன்னா?"

சரண்யாதேவி என்னைப் பார்த்தார். மாப்பிள்ளையும் என்னைப் பார்த்தார். சண்முகத்தாய் பார்த்ததைத்தான் என்னால் இன்னும் ஒதுக்கிவைக்க முடியவில்லை. "என்ன காரியம் செஞ்சிருக்கீய," என்றாள். சத்தமே போடவில்லை. "இவன இடுப்புல தூக்கி வளத்தவ நான்."

அந்தக் கட்டத்தில் நடந்ததை எல்லாம் விளக்கமாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். டயர் காற்றிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். உப்புக்கு வருவதற்குள் சரண்யாதேவி கைப்பையைக் கட்டில்மேல் வைத்தார். நான் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்தினேன். எல்லாம் முறைப்படி.

அவர் குத்து மூக்கில் பட்டது. நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு மாப்பிள்ளையின் குரல்தான் முதலில் கேட்டது. "சரண்யா, வேண்டாம். அத்தானுக்குச் சர்க்கரை இருக்கு. புண்ணு ஆறாது."

ஆஸ்பத்திரிக்காரர்கள் உங்களுக்குத் தகவல் சொன்னது சரிதான். நான் குறை சொல்லவில்லை. கல்யாணம் மறுபடி நிச்சயமாகிவிட்டது. நல்லது. பத்திரிகையில் என் பெயரைப் போடவில்லையாம். சண்முகத்தாய் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஹோட்டலில் சாப்பிடுகிறேன். காற்றைப் பிடுங்கியது நான், உப்பு வைத்தது நான், கொழும்புக் குடும்பம் என்னுடைய கற்பனை, கட்டிப்பிடிக்க வந்தவரைத் தெரிந்தே தூக்கிப் போட்டதும் நான். இதில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

ஆனால் அந்தக் குத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என் இடது கை தயாராகத்தான் இருந்தது. குத்து வலப்பக்கமாக வந்தது. சரண்யாதேவிக்கு இடது கைப்பழக்கமாம். பெண் பார்த்த அன்றும் சொல்லவில்லை, நிச்சயத்தன்றும் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்து ஒரு குடும்பத்தை ஏமாற்றுகிறார்களே, இவர்களை எல்லாம் நீங்கள் விசாரிக்கமாட்டீர்களா, மேடம்?